சுத்தத் தண்ணீரிலும் மணத்த தைலம்

அன்பும் மரியாதையும் நிறைந்த அண்ணிக்கு,

இங்கே அவரும் நானும் நலம். அங்கே அண்ணனின் மூட்டு வலியும், அவர் மேல் உங்களுக்குள்ள கோபமும் ஒருசேரத் தணிந்திருக்கும் என நம்புகிறேன்.

இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாக, நீங்கள் அனுப்பிய வலித் தைலத்தை அலமாரியிலிருந்து எடுத்து வைத்துக் கும்பிட்டேன். பல் தேய்த்துக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர், "தேய்க்க மட்டும் என்னைக் கூப்பிடு, கும்பிடறதுன்னா நீயே தனியா கும்பிட்டுக்கோ" என்று நுரையோடு சொல்லிவிட்டுப் போனார். கும்பிட்டதற்குக் காரணம் இருக்கிறது.

பழைய பெயிண்ட் தொழிற்சாலை இருந்த நிலத்தில் வேலை என்று சொல்லியிருந்தேன் அல்லவா? அங்கே வீடுகளும் நடுவில் குழந்தைகளுக்கு ஒரு பூங்காவும் வரப்போகின்றன. அதற்கு முன் மண்ணில் என்ன விஷம் ஊறிக் கிடக்கிறது என்று குழி போட்டு, மண்ணெடுத்து, ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டியது என் பொறுப்பு. குனிந்து குனிந்து முதுகு போச்சு என்று போனில் அழுதேன், மறுநாளே தைலம் வந்துவிட்டது. காலையில் வீட்டில் தேய்த்தது போதாதென்று, சாப்பாட்டுக்குப் பின் களத்திலேயே இன்னொரு தடவை தேய்த்துக்கொண்டு, அதே கையால் கையுறையை இழுத்து மாட்டிக்கொண்டு, ஜாடி ஜாடியாக மண் நிரப்பினேன். ஆய்வக முடிவு வந்தது. எல்லாக் குழியிலும் டர்பன்டைன்! பெயிண்டில் கலக்கும் எண்ணெய்தானே, எல்லோரும் நம்பிவிட்டோம். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக மதிலுக்கு வெளியே எடுத்த நல்ல மண்ணிலும் அது இருந்ததைப் பார்த்து மேலாளர், "தெருவே போச்சும்மா" என்று தலையில் கைவைத்தார். நானும் முகத்தை நிபுணர் மாதிரி வைத்துக்கொண்டு, "பரவல் அதிகம் சார்" என்றேன்.

மாலையில் ஆய்வகத்துப் பெண் கூப்பிட்டாள். "கோவிச்சுக்காதீங்க மேடம். வெளியிலேர்ந்து எதுவும் ஒட்டலையான்னு பார்க்க, சுத்தத் தண்ணி ஒரு பாட்டில் களத்துல தொறந்து மூடி அனுப்புவீங்களே, அதுலயும் டர்பன்டைன். கூடவே கற்பூரம். உங்க ஆளுங்கள்ல யாருக்காவது முதுகு வலியா?"

புதிதாகச் சேருகிறவர்களுக்கெல்லாம் "சென்ட் போடாதே, கிரீம் பூசாதே, மண்ணில் கலந்துவிடும்" என்று பாடம் எடுப்பவளே நான்தான் அண்ணி. டர்பன்டைனும் கற்பூரமும் கலந்த உங்கள் தைலத்தை மட்டும் நான் அந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. அண்ணி கொடுத்தது, அது குடும்ப விஷயம்.

எல்லாக் குழியையும் மறுபடி போட வேண்டியதாயிற்று. துளைபோடும் இயந்திரக்காரர், நாங்கள் ஆமை என்று கூப்பிடுகிறவர், "உங்க ஒரு முதுகுக்கு எங்க எல்லாரு முதுகும் காவா?" என்று புலம்பிக்கொண்டே இயந்திரத்தைக் கொண்டுவந்தார். நடுக்குழி இருந்த இடத்தில் ஒரு நாய் குட்டி போட்டுப் படுத்திருந்தது. "பிள்ளை பெத்தவள நான் எழுப்ப மாட்டேன்" என்று சொல்லிவிட்டுச் சற்றுத் தள்ளித் துளை போட்டார். 'டங்' என்றது. தோண்டிப் பார்த்தால், எந்த வரைபடத்திலும் இல்லாத இரும்புத் தொட்டி! அடி துருப்பிடித்து, உள்ளே இருந்த கழிவு மெல்ல மெல்ல மண்ணுக்குள் கசிந்துகொண்டிருந்தது. பூங்கா வரைபடத்தை விரித்துப் பார்த்தேன். அதே இடத்தில் ஊஞ்சல் போட்டிருந்தார்கள்.

உங்கள் தைலம் இல்லையென்றால் இரண்டாம் தடவை தோண்டியிருக்கவே மாட்டோம். மேலாளரே, "உங்க அண்ணிக்கு நன்றி சொல்லிடும்மா" என்றார். தொட்டியை எடுத்தாயிற்று. இனி அடியில் இருக்கும் மண்ணை அள்ள வேண்டும்.

இன்னொரு நல்ல செய்தி. அலுவலகத்தில் அறிக்கைகளைச் சரிபார்க்கும் வேலைக்கு என்னைக் கூப்பிடுகிறார்கள். "நாப்பத்தாறு வயசுல இன்னும் என்ன மண்ணை நோண்டிக்கிட்டு? ஒரு நாற்காலியில ஒக்காருடி" என்று நீங்கள் சொல்லிச் சொல்லி வாய் வலித்தது வீண்போகவில்லை. நாளை சரி என்று சொல்லிவிடுகிறேன். உங்கள் அக்கறைக்கு நான் என்றும் கடமைப்பட்டவள்.

அண்ணனுக்கு என் வணக்கம். உங்கள் கையும் மனசும் எப்போதும் இப்படியே தாராளமாக இருக்கட்டும்.

என்றும் உங்கள் அன்பு நாத்தனார்.

பி.கு.: உறையை ஒட்டியவள் மறுபடி பிரித்துவிட்டேன். அந்த 'டங்' கேட்டபோது என் முதுகு வலிக்கவே இல்லை அண்ணி. மேலே எழுதியதை மறந்துவிடுங்கள். நாற்காலி வேண்டாம் என்று நாளை சொல்லப்போகிறேன். மேலாளருக்குத் தெரியாது, வீட்டில் அவருக்கும் தெரியாது, இந்த வரி வரும்வரை உங்களுக்கும் தெரியாது. அங்கே ஊஞ்சல் ஆடும்வரை நான் களத்தில்தான். திட்டி எழுதுங்கள். கூடவே, வாசனை இல்லாத தைலம் ஏதாவது கிடைத்தால் அனுப்புங்கள்.