நெத்திலி மாமா எக்ஸ்ரேயில் கிரகணம் பார்த்தது

கிளிஞ்சல்மேடு,
தை மாதம்.

என் நெத்திலி மாமாவுக்கு,

அஞ்சுகம் எழுதிக்கொண்டது. நான் இங்கே இருக்கிறேன், அவ்வளவுதான். நீ நலமா என்று கேட்கப் போவதில்லை. போன ஆடியில் போய்ச் சேர்ந்தவனுக்கு இருமல் இல்லை, பீடியைப் பிடுங்கி எறிய ஆளும் இல்லை, நலத்துக்கு என்ன குறைச்சல்? இருந்தவரைக்கும் ஊர் மெச்ச "வாங்க, போங்க" என்று கூப்பிட்டேன். இந்தக் கடுதாசி உன் கைக்கு வரப்போவதும் இல்லை, பஞ்சாயத்தில் நீ பிராது கொடுக்கப் போவதும் இல்லை. அதனால் இனிமேல் "நீ"தான். கோபம் வந்தால் நேரில் வந்து சண்டை போடு. எழுத்துப் பிழை இருந்தால் உன் மாமனாரைக் கேள். அவர் உன் பக்கத்தில்தான் இருக்கிறார். ஐந்தாம் வகுப்போடு என் கையில் மீன் கூடையைக் கொடுத்தது அவர்தான்.

விஷயம் உன் நெஞ்சுக்கூட்டைப் பற்றியது.

நீ போனபோது உன் படம் என்று ஒன்றை எனக்கு விட்டுப் போனாயா? கல்யாண ஆல்பத்தைச் சுனாமியன்று கடல் கொண்டுபோனது. அன்றைக்கு அத்தையையும் கொண்டுபோனது. அத்தைக்காக இரண்டு பேரும் அழுதோம், ஆல்பத்துக்காக நான் மட்டும் தனியாக அழுதேன். "போட்டோதானடி, போவுது வுடு" என்றாய். அதற்குப் பிறகு எவன் போனைத் தூக்கினாலும் கையால் முகத்தை மறைத்துக்கொண்டாய், ஏதோ உன் அழகைத் திருட ஊரே வரிசையில் நிற்கிற மாதிரி. கடைசியில் நடந்தது என்ன? நீ செத்த அன்றைக்கு உன் தம்பி அன்பழகன் உன் ஆதார் கார்டுப் படத்தைப் பெரிதாக்கி போஸ்டர் ஒட்டினான். அதில் உனக்கு ஒரு கண் மூடியிருக்கிறது, இன்னொரு கண் படம் எடுத்தவரை முறைக்கிறது. "கண்ணீர் அஞ்சலி" என்ற எழுத்து மட்டும் இல்லாவிட்டால் போலீஸ் தேடுகிற ஆள் என்று நினைத்திருப்பார்கள். அதையே சட்டம் போட்டு வீட்டில் மாட்டினான். கருமாதி முடிந்ததும் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்துவிட்டேன். அது நீ இல்லை. அப்படி ஒரு ஆளோடு நான் குடும்பம் நடத்தவில்லை.

ஆக, உன்னை மாதிரியே இருக்கிற ஒரே படம் உன் எக்ஸ்ரேதான். உனக்கு உள்ளேயும் எலும்பு, வெளியேயும் எலும்பு. அதனால்தானே உனக்கு நெத்திலி என்று பேர் வைத்தேன்.

அந்த எக்ஸ்ரே எடுத்த கூத்தை நீ மறந்திருக்க மாட்டாய். "கூட இருக்கறவங்களும் ஒண்ணு எடுத்துடுங்க" என்று டாக்டரம்மா சொல்ல, எனக்கும் சேர்த்து எடுத்தார்கள். கழுத்தில் இருப்பதையெல்லாம் கழற்றச் சொன்னார்கள். என் தாலிக் கயிற்றில் கோத்திருந்த ஊக்குகளைப் பார்த்து எக்ஸ்ரேக்காரருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. நீயும் கூடச் சேர்ந்து, "இவ கழுத்துல ஊக்குக்கடையே வச்சிருக்கா சார். தெருவுல எவளுக்கு ஜாக்கெட் கிழிஞ்சாலும் இங்கதான் வருவாளுவ" என்று மானத்தை வாங்கினாய். நான் மறுபேச்சு பேசாமல் எல்லாவற்றையும் கழற்றி உன் கையில் கொடுத்தேன். நீயோ அத்தை உன் கழுத்தில் கட்டிய தாயத்தைக் கழற்ற மாட்டேன் என்று அங்கேயே பஞ்சாயத்து வைத்தாய். "இது எங்கம்மா கட்டினது சார். நீங்க எலும்ப எடுங்க, இத வுடுங்க." அவர் தலையில் அடித்துக்கொண்டு தாயத்தோடு எடுத்தார். இரண்டு படமும் ஒரே உறையில் வந்தன. கட்டிலில்தான் உன் இருமலுக்குப் பயந்து தள்ளித் தள்ளிப் படுத்தோம். உறைக்குள்ளேயாவது ஒட்டிப் படுத்தோம்.

இனி கிரகணத்துக்கு வருகிறேன். சூரியன் மோதிரம் மாதிரி தெரியும் என்று டிவியில் பத்து நாளாக ஒரே பாட்டு. மோதிரம் என்றதும் எனக்கு உன் நினைப்பு வராமல் இருக்குமா? வருசா வருசம் "இந்தத் தடவ இறால் பட்டா உனக்கு மோதிரம்டி" என்றாயே, வானத்து மோதிரமும் அந்தக் கதைதான் ஆனது. புதுக்கோட்டைப் பக்கம்தான் முழு மோதிரமாம், நம் காரைக்காலுக்கு ஒரு பக்கம் கடித்துவிட்டு வைத்த துண்டுதான் தெரியுமாம். பள்ளிக்கூட வாத்தியார் கலைவாணன் வீடு வீடாக வந்து சொல்லிவிட்டுப் போனார். நம் வீட்டில் மட்டும் அவர் சொல்லியிருக்கத் தேவையில்லை. மோதிரம் வராது என்று எனக்கு முன்னாலேயே தெரியும்.

பார்த்தால், கிரகணம் வந்தது கடல் ஊருக்குள் வந்த அதே டிசம்பர் இருபத்தாறு. எப்படியும் அன்றைக்குப் படகு போகாது. கிரகணம் பிடிக்கும் முன்னே கடல் கொண்டுபோனவர்களுக்குப் பால் ஊற்றிவிட வேண்டும் என்று பஞ்சாயத்தார் சொல்லிவிட்டதால் ஊரே விடியலில் கரையில் நின்றது. அத்தைக்கு ஊற்றினேன். உனக்கும் ஊற்றினேன். நீ கடலில் போகவில்லை, கட்டிலில்தான் போனாய், உனக்கு அங்கே ஊற்ற முறையே இல்லை. ஆனாலும் செம்பில் பால் மிச்சம் இருந்தது.

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தலாம் என்றால் என் கூட்டாளிகள் மூன்று பேர் விடவில்லை. அடுத்த வீட்டுப் பூங்கொடி, மகள் வாங்கிக் கொடுத்த புதுப் போனோடு வந்தாள், கிரகணத்தைப் படம் பிடித்து மகளுக்கே அனுப்பிக் காட்டப் போகிறாளாம். கோட்டுச்சேரியில் தையல் கடை வைத்திருக்கும் உமாமகேஸ்வரி பஸ் ஏறி வந்துவிட்டாள். மார்க்கெட்டில் என் பக்கத்தில் உட்கார்ந்து கருவாடு விற்கும் ஆஸியா பீவி, "கிரகணத் தொழுகய முடிச்சிட்டு ஓடியாறேன் புள்ள, வா வா" என்று கையைப் பிடித்து இழுத்தாள். புருசன் செத்தவள் வீட்டுக்குள்ளே புழுங்கக் கூடாதாம், சூரியன் சாவதை வேடிக்கை பார்த்தால் மனசு ஆறுமாம்.

கரையில் கலைவாணன் வாத்தியார் அட்டைக் கண்ணாடி கொடுத்துக்கொண்டிருந்தார். வரிசை ரேசன் கடை வரிசையைத் தோற்கடித்தது. பூங்கொடி என் பக்கம் திரும்பினாள்.

"ஏண்டி, உன் வூட்டுல எக்ஸ்ரே இருக்குல்ல? அத எடுத்தா. அதுல பாத்தா நல்லா தெரியுமாம்."

"நாலா வெட்டிட்டா ஆளுக்கொரு துண்டு" என்றாள் ஆஸியா.

"அடியே, அது என் புருசன்டி!"

"புருசன் இல்லடி, எக்ஸ்ரே" என்றாள் பூங்கொடி.

அவளுக்கு என்ன, அவள் புருசன் வீட்டில் குத்துக்கல்லாக உட்கார்ந்து டீ கேட்டுக்கொண்டிருக்கிறான். எனக்கு உன் முகம் என்று இருப்பதே அந்தக் கறுப்புத் தாள்தான். "அவரத் தொட்டா கைய ஒடிப்பேன். என்னோடது ஒண்ணு இருக்கு, என் நெஞ்ச வெட்டிக்கிங்கடி, கேக்க ஆளில்ல" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய் உறையைப் பிரித்தேன். எனக்குக் கண்ணில் புரை விழுந்ததிலிருந்து பன்னிரண்டு மாதமும் மார்கழிப் பனிதான். ஜன்னலில் தூக்கிப் பிடித்தேன். கழுத்துக்குக் கீழே மெல்லிசாக வெள்ளையாய் ஒன்று தெரிந்தது. தாயத்து. அது நீ. உன்னை முந்தானையில் சுற்றிக்கொண்டேன். மற்றதை நான் பார்க்கவே இல்லை. என்னிடம் பார்க்க என்ன இருக்கிறது?

உமா பையிலிருந்து கத்தரியை எடுத்து ஜாக்கெட் துணி மாதிரி தடவிப் பார்த்து, "தோள்பட்ட அளவு சரியா இருக்குக்கா" என்று சொல்லிக்கொண்டே நறுக் நறுக்கென்று வெட்டினாள். பூங்கொடி தன் துண்டைத் தூக்கிப் பார்த்துவிட்டுக் கெக்கெக்கே என்று சிரித்தாள். "அஞ்சுகம், உன் நெஞ்சுல மாத்திர ஒண்ணு நிக்குதுடி!"

"ஆஸ்பத்திரி மாத்திர. கரையாது" என்றேன்.

விழுந்து விழுந்து சிரித்தார்கள். நீ போன பிறகு நானும் அன்றைக்குத்தான் சிரித்தேன்.

வாத்தியார் பார்த்துவிட்டு ஓடி வந்தார். "யம்மா, எக்ஸ்ரேல பாக்காதீங்கம்மா, கண்ணு போயிடும்!" "அப்ப கண்ணாடி குடுங்க வாத்தியாரே" என்றாள் ஆஸியா. எட்டுக் கண்ணுக்கு ஒரு கண்ணாடி கொடுத்துவிட்டு அடுத்த கூட்டத்தைத் திட்டப் போனார். நாங்கள் கேட்கவில்லை. அவர் சொன்னதுதான் சரி, இரண்டு நாள் எனக்குக் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. இன்னும் புருசனை நினைத்து இப்படி அழுகிறாளே என்று தெருவே மெச்சியது. நான் மறுக்கவில்லை. உனக்கும் ஒரு பெருமை இருக்கட்டும்.

பூங்கொடி போனில் முதலில் எடுத்தது தன் கட்டைவிரலை. அடுத்தது தன் மூக்கை. மூன்றாவதில் ஒரு காக்காய், அதற்கும் தலை இல்லை. அதற்குள் வெயில் வடிந்து சாயங்காலம் மாதிரி ஆகிவிட்டது. கடல் காற்று சில்லென்று அடித்தது. நான் முந்தானையிலிருந்து உன்னை எடுத்து இரண்டு கையாலும் வானத்துக்குத் தூக்கினேன்.

மாமா, இரண்டு பக்கமும் விலா எலும்பு, நடுவில் சூரியன். ஆஸியா பிறை என்றாள். எனக்குத் தூண்டில் முள்ளாகத்தான் தெரிந்தது. நெத்திலிக்கு எவனாவது தூண்டில் போடுவானா? போட்டிருந்தான், நீயும் மாட்டியிருந்தாய். சத்தியமாகச் சொல்கிறேன், அதற்குள்ளே நீ இருந்தாய். நெஞ்சு மேலே ஏறியது. இருமப் போகிறாய் என்று கையைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்தேன்.

"கைய ஆட்டாதடி" என்றாள் பின்னாலிருந்து பூங்கொடி.

"நான் ஆட்டல. அவருதான் இருமுறாரு."

அவள் சிரிக்கவில்லை. போனை இரண்டு கையாலும் பிடித்துப் படம் எடுத்தாள்.

படம் நன்றாக விழுந்துவிட்டது. பதினைந்து வருசம் முகத்தை மறைத்தவன் நெஞ்சைத் திறந்து காட்டி நிற்கிறாய், உள்ளே விளக்கு எரிகிறது. டவுன் ஸ்டுடியோவில் பெரிதாக்கிச் சட்டம் போடக் கொடுத்திருக்கிறேன். ஆதார் கார்டு ஆளைப் பரணுக்கு ஏற்றிவிட்டு அந்த ஆணியில் இதை மாட்டப் போகிறேன். வருகிறவர்கள் மிரண்டால் மிரளட்டும். மாலையும் போடுவேன், எலும்புக்குத் தோதாகச் சின்னதாக.

அத்தையைக் கேட்டதாகச் சொல். தாயத்து பத்திரமாக இருக்கிறது என்றும் சொல். அங்கே எவனிடமும் பீடிக்கு நெருப்பு கேட்காதே. சாமி உன்னை நன்றாக வைத்திருக்கட்டும், என்னைப் பற்றி ஞாபகப்படுத்தாமல் இருக்கட்டும், எனக்கு இங்கே வேலை கிடக்கிறது.

இப்படிக்கு,
உன் ஊக்குக்கடை,
அஞ்சுகம்.

பின்குறிப்பு: கடுதாசியை மடித்து வைத்துவிட்டுப் படத்தை வாங்க ஸ்டுடியோவுக்குப் போனேன். அங்கே இருக்கிற தம்பி அப்ரார், "அக்கா, படம் அருமையா வந்திருக்கு. இந்த ஊக்க மட்டும் அழிச்சுடட்டுமா?" என்றது. எந்த ஊக்கு என்றேன். கம்ப்யூட்டரில் பெரிதாக்கிக் காட்டியது. தாயத்து இல்லை. ஊக்கு. ஜாக்கெட் கழுத்தோரம் குத்தியிருந்த ஒன்றைக் கழற்ற மறந்திருக்கிறேன். கிளிஞ்சல்மேட்டில் எந்த ஆம்பிளை நெஞ்சில் ஊக்கு இருக்கும்? நான் முந்தானையில் சுற்றிக் காப்பாற்றியது என்னைத்தான். கத்தரிக்குக் கொடுத்தது உன்னை. அந்தக் கரையாத மாத்திரை அத்தையின் தாயத்து. அதைப் பார்த்து நானும் சேர்ந்து சிரித்தேன்.

அன்றைக்கே மூன்று வீட்டுக்கும் ஓடினேன். என் பங்குத் துண்டு என்னிடமே இருந்தது. பூங்கொடி உன்னை உப்பு ஜாடிக்குப் பின்னால் செருகியிருந்தாள், ஆஸியா பீரோவில் துணிக்கு நடுவில் வைத்திருந்தாள். இரண்டு பேரும் முந்தானையில் துடைத்துக் கொடுத்தார்கள். உமா தன் துண்டையும் சேர்த்து, மெஷினில் வெள்ளை நூல் போட்டு ஒட்டுத் தைத்துக் கொடுத்தாள். ஒட்டுப்போட்ட வலை மாதிரி இருக்கிறாய். தாயத்தின் மேல் மட்டும் கத்தரி படவில்லை, அத்தை கட்டினால் கெட்டிதான். ஊக்கை அழிக்க வேண்டாம் என்று அப்ராரிடம் சொல்லி, படத்தை வாங்கி வந்து அதே ஆணியில் மாட்டியிருக்கிறேன்.

எனக்கு ஒரு சந்தேகம்தான் மாமா. அன்றைக்குக் கரையில் அந்தக் கூட்டுக்குள்ளே நீதான் இருந்தாய், என் புரை விழுந்த கண்ணால் நானே பார்த்தேன், இருமவும் போனாய். அது என் நெஞ்சு என்றால், சொல்லாமல் கொள்ளாமல் அதற்குள்ளே புகுந்து நீ என்னய்யா பண்ணிக்கொண்டிருந்தாய்?