கூடைக்குள் பதினொன்று

இந்த வருஷம் குஞ்சு பொரிந்த அன்றைக்கே, கோழி விஷயத்தில் இனி வாயைத் திறப்பதில்லை என்று தீர்மானம் செய்தேன். ஐந்து நாள் தாங்கியது. ஆறாம் நாள் மனைவி திறக்க வைத்தாள்.

தீர்மானத்துக்குக் காரணம் உண்டு. போன வருஷம் எங்கள் கொல்லையில் ஒன்பது குஞ்சு. வெள்ளைக்கழிச்சல் வராமல் இருக்க சொட்டு மருந்து விடலாம் என்றாள். “கோழிக்கு மருந்தாவது மண்ணாங்கட்டியாவது!” என்றேன். மெதுவாகச் சொல்லித் தொலைத்திருக்கலாம். வேலிக்கு அந்தப் பக்கம் தையல்காரர் நின்றிருந்தார். நல்ல மனுஷன். நான் சொன்னதை நம்பிவிட்டார்.

மூன்றே நாள். எங்கள் ஒன்பதும் போச்சு. அவருடைய பன்னிரண்டும் போச்சு.

மனைவி ஒரு வார்த்தை சொல்லிக் காட்டவில்லை. சண்டை போட்டிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தி, ஆறியிருப்பேன். கொடுத்து வைக்கவில்லை.

இந்த வருஷம் பதினொன்று பொரிந்திருக்கிறது.

“ஏங்க, இதுங்களுக்கு மருந்து விடணுமா, வேணாமா?”

“என்னை ஏன் கேக்கிற?”

“போன தடவை நீங்கதானே முடிவு பண்ணீங்க?”

“வேணாம்.”

“சரி, வேணாம்.”

“என்ன சரி?”

“நீங்க சொன்னா சரிதான்.”

“நீயும் ஏதாவது சொல்லேன்!”

“நான் என்னத்தச் சொல்ல? இந்தச் சாம்பல் குஞ்சைப் பாருங்க, என்னமா ஓடுது. பாவம்.”

“ஏன், அதுக்கு என்ன ஆச்சு?”

“இன்னும் ஒண்ணும் ஆகல.”

அந்த ‘இன்னும்’ என்னை உட்கார விடவில்லை. மத்தியானம் சாப்பிட்ட கையோடு அவளுக்குத் தெரியாமல் கால்நடை மருந்தகத்துக்குப் போனேன்.

“ஒரு குப்பி நூறு குஞ்சுக்கு ஐயா,” என்றார் கம்பவுண்டர். “கரைச்சா ரெண்டு மணி நேரம்தான் தாங்கும். பதினொண்ணுக்காக உடைக்க மாட்டேன்.”

“இதுவரைக்கும் எத்தனை சேர்ந்திருக்கு?”

“எண்பத்தொம்பது. நாளைக்குக் காலையில கொண்டு வாங்க.”

கணக்கு இவ்வளவு கச்சிதமாக அமைந்தபோதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அந்த மாதிரி மூளை எனக்கு இல்லை.

மறுநாள் காலை அவள் குளிக்கப் போனாள். தாய்க்கோழியிடம் நாலு கொத்து வாங்கிக்கொண்டு பதினொன்றையும் கூடையில் போட்டேன். மேலே என் பழைய சட்டையைப் போட்டு மூடினேன். நடந்தேன். தெருமுனையில் தையல்காரர்.

“என்னண்ணே, சட்டை கத்துது?”

“எனக்குச் சளி.”

“கீச்சு கீச்சுன்னா?”

“முத்தின சளி.”

அவர் சிரிக்கவில்லை. “உடம்பைப் பாத்துக்கங்க,” என்று வழிவிட்டார். அவர் வீட்டுக் கோழிக்கூடு காலியாகக் கிடந்தது. இந்த வருஷம் அவர் குஞ்சே பொரிக்க வைக்கவில்லை. நான் தலையைக் குனிந்துகொண்டு வேகமாக நடந்தேன்.

மருந்தகத்தில் தெருப் பெண்கள் அத்தனை பேரும் கூடையோடு உட்கார்ந்திருந்தார்கள். என்னைப் பார்த்ததும் ஒருத்தி, “வந்தாச்சு, குப்பியை உடைங்க!” என்றாள். மற்றவர்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

கம்பவுண்டர் ஒவ்வொரு குஞ்சாகப் பிடித்துக் கண்ணில் ஒரு சொட்டு விட்டார். மேஜை மேல் பதிவு நோட்டு திறந்து கிடந்தது. எட்டிப் பார்த்தேன். என் வீட்டு விலாசம். பதினொன்று. மனைவியின் கையெழுத்து. தேதி, குஞ்சு பொரிந்த அன்றையது. ‘கொண்டு வருபவர்’ என்ற இடத்தில் எழுதியிருந்தாள்: ‘வீட்டுக்காரர். ஒளித்து எடுத்து வருவார். ஒன்றும் கேட்க வேண்டாம்.’

பக்கத்தைப் புரட்டினேன். போன வருஷம். அதே கையெழுத்து. ஒன்பது. அதே குறிப்பு. எதிரே கம்பவுண்டர் சிவப்பு மையில் எழுதியிருந்தார்: ‘வரவில்லை.’

போன வருஷமும் என்னை நம்பித்தான் இருந்திருக்கிறாள்.

வீட்டுக்கு வந்தேன். கூடையைக் கொல்லையில் வைத்தேன். அவள் வெயிலில் தலை காய வைத்துக்கொண்டிருந்தாள். முப்பத்தெட்டு வருஷத்தில் சொல்லாததைச் சொன்னேன்.

“போன வருஷம் நான் பண்ணது தப்பு.”

“ம்.”

“என்ன ‘ம்’? ஒரு மனுஷன் எவ்வளவு கஷ்டப்பட்டுச் சொல்றான்!”

“என்கிட்ட நல்லாத்தான் சொன்னீங்க. தையல்காரர்கிட்டயும் இதே மாதிரி சொல்லிடுங்க.”

யோசித்தேன். வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனால் அவள் சொல்வது நியாயம். ஒரு பெரிய மனுஷனாக நானே முடிவெடுத்தேன்.

“சரி. போறேன். நானா மனசார முடிவு பண்ணிப் போறேன். நீ சொன்னதுக்காக இல்ல.”

“சீக்கிரம் போங்க. பத்து மணிக்கு நீங்க வருவீங்கன்னு நேத்தே அவர்கிட்ட சொல்லிட்டேன்.”