நாலு மணி விளக்கு

ரொசெந்தோவின் செல்போன் காலையிலிருந்து ஒரே கேள்வியைக் கேட்டு நச்சரித்துக்கொண்டிருந்தது. 'உங்கள் வீட்டுப் பெட்டியின் வயர்லெஸ் மென்பொருள் பழையது. அதில் புதிய சாதனங்களுக்கான வாசல் எப்போதும் திறந்தே கிடக்கும். புதியது அதைச் சாத்திவிடும். முன்பு உள்ளே வந்த சில சாதனங்களைப் பெட்டி மறந்துவிடலாம். புதுப்பிக்கலாமா?'

வழக்கம்போல 'பிறகு' என்பதைத் தொட்டார்.

சாப்பாட்டு மேஜை விளக்கு படக்கென்று எரிந்தது. யாரும் எதையும் தொடவில்லை. மணி நாலு. அவர் மனைவி தெல்ஃபினா டீ குடிக்கும் நேரம். என்ன, தெல்ஃபினா செத்து எட்டு மாதமாகிறது.

"பாத்தியா?" என்றார், எதிரே உட்கார்ந்திருந்த மச்சினியிடம்.

"பாத்தேன் அத்தான்" என்றாள் ஓர்தென்சியா. வாயிலிருந்த ரொட்டியை மெல்லவே மறந்திருந்தாள். "அக்கா இன்னும் கெளம்பல."

போன் நச்சரிக்கும் அந்த வெள்ளைப் பெட்டி தெல்ஃபினாவின் கைங்கரியம். லா பாஸ் நகரின் எலோய் சால்மோன் தெருவில் மின்சாமான் கடை வைத்திருந்தவள். வீட்டிலுள்ள விளக்கு, கெட்டில், ரேடியோ எல்லாவற்றையும் கம்பியே இல்லாமல் அந்தப் பெட்டியோடு கட்டிப்போட்டாள். பொத்தான்களை எங்கேயாவது வைத்துத் தொலைப்பது அவள் வழக்கம். அதனால் எந்தப் பொத்தான் கைக்குக் கிடைத்தாலும் வேலை நடக்கும்படி செய்தாள். ஒருமுறை அமுக்கினால் விளக்குகள், இரண்டு முறை அமுக்கினால் கெட்டில், அழுத்திப் பிடித்தால் ரேடியோ. கல்யாண பேண்டில் தூபா ஊதும் ரொசெந்தோவுக்கு போனில் 'எல்லாம் அணை' என்பது ஒன்றுதான் தெரியும்.

நவம்பர் ஒன்றாம் தேதி, சகல புனிதர் நாளன்று ஆரம்பித்தது இது. நடுப்பகலில் ஆவிகள் வரும் நேரத்துக்குக் கரும்பும் பழமும் தெல்ஃபினாவின் முகம் வைத்த ரொட்டிப் பொம்மையும் மேஜையில் பரப்பிக் காத்திருந்தார்கள். மேல் மாடிக்கு யாரோ குடிவந்து கட்டில் பீரோவை இழுத்துக்கொண்டிருந்த சத்தத்தில் ஜெபம்கூடச் சரியாகக் கேட்கவில்லை. அப்போதுதான் விளக்கு தானாக எரிந்தது. இரண்டு பேரும் கட்டிப்பிடித்து அழுதார்கள்.

வந்தது சந்தோஷம்தான். ஆனால் மறுநாள் நடுப்பகலில் ஊரிலிருக்கிற ஆவியெல்லாம் கிளம்பிப் போயிற்று. இவள் போகவில்லை. அன்றைக்கும் நாலு மணிக்கு விளக்கு எரிந்தது. அதற்கு மறுநாளும்.

"மேஜையை ஒழுங்காக் கலைச்சீங்களா?" என்று இப்போது கேட்டாள் ஓர்தென்சியா.

"கலைச்சேன்."

"எல்லாத்தையும்? படையலைத் தின்னு தீத்தாத்தானே ஆவி கெளம்பும்?"

ரொசெந்தோவின் கண் அலமாரிப் பக்கம் போய் வந்தது. அவள் எழுந்துபோய்த் திறந்தாள். உள்ளே ரொட்டிப் பொம்மை தெல்ஃபினாவின் முகத்தோடு சிரித்துக்கொண்டிருந்தது.

"அவ மூஞ்சி இருக்கே ஓர்தென்சியா. எப்படிப் பிட்டுத் திங்கறது?"

"நல்லா இருக்கே நியாயம்! விருந்தாளியோட செருப்பை ஒளிச்சு வெச்சுட்டு, ஏன் இன்னும் கெளம்பலைன்னு கேக்கறீங்களே!"

பொம்மை கல்லாகியிருந்தது. டீயில் ஊறவைத்து ஆளுக்குப் பாதி தின்றார்கள். மூக்கு இருந்த பாதி ரொசெந்தோவுக்கு வந்தது. கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினார்.

மறுநாள் நாலு மணிக்கு விளக்கு எரிந்தது. கூடவே கெட்டிலும் கொதித்தது.

"டீ கேக்கறா" என்றார் ரொசெந்தோ.

ஓர்தென்சியா கல்லறைத் தோட்டத்து ஜெபக்காரர் ஹசிந்தோவை அழைத்து வந்தாள். ரொட்டியும் பழமும் வாங்கிக்கொண்டு எந்த ஆவிக்கும் ஜெபம் சொல்பவர். மேஜையருகே நின்று கணீரென்று ஆரம்பித்தார். தலைக்கு மேலே மச்சில் யாரோ இங்குமங்கும் நடக்கும் சத்தம் சட்டென்று நின்றது. விளக்கு எரிந்தது. ரொசெந்தோ பதறி 'எல்லாம் அணை' என்பதைத் தொட்டார். அணைந்தது. மறுபடி எரிந்தது. அணைத்தார். எரிந்தது. திரும்பத் திரும்ப இதே கூத்து. கடைசியில் ரேடியோ தன்பாட்டுக்கு மொரெனாடா ஆட்டப் பாட்டை அலறியது.

ஹசிந்தோ ரொட்டிப் பையை மார்போடு அணைத்துக்கொண்டார். "ஐயா, இது வந்துட்டுப் போற ஆவி இல்ல. குடித்தனம் பண்ண வந்தது" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கி ஓடினார்.

பெட்டி விற்ற கம்பெனிக்கு போன் போட்டார் ரொசெந்தோ. ஒரு பெண் எடுத்தாள்.

"வாசல் திறந்தே கிடந்திருக்கு சார். ஏதோ ஒண்ணு உள்ள வந்து ஒட்டிக்கிட்டிருக்கு."

"யாருன்னு தெரியும்மா."

"அப்பச் சுலபம் சார். புதுப்பிச்சீங்கன்னா அது வெளிய போயிடும்."

"வெளியவா? உனக்குப் புருஷன் இருக்கானாம்மா?" என்று கேட்டு போனை வைத்துவிட்டார்.

அதற்குப்பிறகு அவருக்குப் பயம் போய்விட்டது. நாலு மணிக்குள் வீடு வந்து சேர்ந்தார். இரண்டு கோப்பை வைத்தார். விளக்கு எரிந்ததும் பேச ஆரம்பிப்பார்.

"அங்க குளுருதா? குளுரலைன்னா ஒரு தடவை வெளக்கைப் போடு" என்று விளக்கை அணைப்பார்.

கொஞ்ச நேரம் கழித்து அது எரியும். மனசு நிறைந்துபோகும். பேண்ட் ஒத்திகைக்குப் போவதை விட்டார். தலைவர் ஆளனுப்பித் திட்டினார். இவர் கவலைப்படவில்லை. உயிரோடிருந்தபோதுகூட தெல்ஃபினா இவ்வளவு பொறுமையாக அவர் பேச்சைக் கேட்டதில்லை.

ஓர்தென்சியாதான் ஒருநாள் கேட்டாள். "அத்தான், உங்களுக்குத் துணை கெடைச்சாச்சு. அவளுக்கு? போற வழியில இருக்கறவளை இப்படி வாசப்படியிலயே நிறுத்தி வெச்சா எப்படி?"

அன்றிரவு ரொசெந்தோவுக்குத் தூக்கம் வரவில்லை. அவள் எங்கேயும் போகாமல், போகவும் முடியாமல், தன் ஒருவனுக்காக இந்த மேஜையருகே நின்றுகொண்டிருக்கிறாள் என்று நினைத்து நினைத்து விடியும்வரை புரண்டார்.

மறுநாள் நாலு மணிக்கு விளக்கு எரிந்தது. கல்யாணத்துக்குப் போட்ட கோட்டை அணிந்துகொண்டு மேஜையருகே நின்றார். செல்போனைக் கையில் எடுத்தார்.

"அடுத்த நவம்பர்ல வா தெல்ஃபினா. மேஜை போட்டு வெக்கிறேன். இப்பப் போ. எனக்காக நிக்காத."

'புதுப்பி' என்பதைத் தொட்டார்.

விளக்கு அணைந்தது. பெட்டியில் ஒரு நீலப் புள்ளி சுற்றிச் சுற்றி வந்து நின்றது. பிறகு எதுவும் எரியவில்லை. கெட்டில் கொதிக்கவில்லை. வீடு முதல்முறையாக உண்மையிலேயே காலியானது போலிருந்தது. ரொசெந்தோ குலுங்கிக் குலுங்கி அழுதார்.

மேலே ஏதோ கீழே விழுந்து உடைந்தது. தடதடவென்று யாரோ படியிறங்கும் சத்தம். அழைப்பு மணி அடித்தது.

வாசலில் கறுப்பு உடுத்திய ஒரு பெண்மணி மூச்சு வாங்க நின்றாள். அழுது கண் சிவந்திருந்தது. கையில் ஒரு பை ரொட்டி.

"நான் கசில்டா. புனிதர் நாளன்னிக்கு மேல் மாடிக்குக் குடிவந்தவ. அன்னிக்கு உங்க வீட்டுக்கு ஒரு ஜெபக்காரர் வந்தாரே, அவர் விலாசம் வேணும்."

"எதுக்கும்மா?" என்றார் ரொசெந்தோ, கண்ணைத் துடைத்துக்கொண்டு.

"செத்துப்போன என் வீட்டுக்காரர், நான் கம்பியில்லாத புது வெளக்கும் பொத்தானும் வாங்கி மாட்டின அன்னிக்கே வந்துட்டாருங்க. தெனம் நாலு மணிக்கு 'இருக்கீங்களா'ன்னு பொத்தானை அமுக்கி வெளக்கைப் போடுவேன், அவரு அதை அணைச்சு 'இருக்கேன்'னு சொல்லுவாரு. ஒருநாள் கோவத்துல விடாம அணைச்சு அணைச்சுப் போட்டாரு, அப்பவே அவரேதான்னு தெரிஞ்சுபோச்சு. இன்னிக்கு 'என்னை விட்டுட்டு மட்டும் போயிடாதீங்க'ன்னு சொல்லிக்கிட்டிருக்கும்போதே, அணைச்சுட்டுப் போயிட்டாரு!"