ஆட்சேபத்துக்கு ஓர் எதிராளி

தென்காசி வட்டாரத்தில் சூரியன் கிழக்கே உதிப்பதற்கு இதுவரை ஒருவன்தான் எழுத்துமூலம் ஆட்சேபம் தெரிவித்திருக்கிறான். கல்லூரி விடுதியில் அவனும் நானும் ஒரே அறை. எங்கள் அறைக்குக் கிழக்கே ஜன்னல். சேர்ந்த முதல் வாரமே, வெயில் முகத்தில் அடித்ததும் எழுந்து உட்கார்ந்து, இந்த ஏற்பாட்டுக்கு மாணவர்களிடம் ஒப்புதல் பெறப்பட்டதா என்று வார்டனுக்கு மனு எழுதினான். அன்று விழுந்த பெயர்தான் ஆட்சேபம். பெற்றோர் வைத்த பெயர் ரேஷன் கார்டில் பத்திரமாக இருக்கிறது. வருவாய்த் துறையில் காலம் தள்ளியவன் நான். ஊரில் பாதிப் பேருடைய முழுப்பெயர், தகப்பனார் பெயர், கதவு எண் எனக்குத் தெரியும். இவன் பெயரை மட்டும் யோசித்துத்தான் சொல்ல வேண்டும்.

குற்றாலத்துச் சாரல் மேலே விழ, நனைந்துகொண்டே படித்தவர்கள் நாங்கள். ஒரு ஜூன் மாதம் அருவியில் தண்ணீர் நன்றாக விழுகிறது என்று தெரிந்து, விடுதி மாணவர்களுக்கு அரை நாள் விடுமுறை தரலாம் என்று வார்டனே முன்வந்தார். தங்கமான மனிதர். ஆனால் எதையும் கூட்டம் போட்டுத் தீர்மானமாக நிறைவேற்றும் வழக்கம் அவருக்கு. யாருக்காவது ஆட்சேபம் உண்டா என்று சம்பிரதாயத்துக்குக் கேட்டார். அவ்வளவுதான், இவன் எழுந்துவிட்டான். அருவிக்குப் போவதில் அவனுக்குத் தடையில்லை. துண்டுகூட ஏற்கெனவே தோளில் கிடந்தது. எதிர்ப்பே இல்லாமல் ஒரு தீர்மானம் நிறைவேறுவது ஜனநாயகத்துக்கு நல்லதல்ல என்பது அவன் கட்சி. விவாதம் நடந்து, ஓட்டெடுப்பு நடந்து, ஒரே ஒரு எதிர்ப்போடு தீர்மானம் நிறைவேறி நாங்கள் ஓடிப் போய்ச் சேர்ந்தபோது, வெள்ளம் என்று குளிக்கத் தடை போட்டு அருவியில் கயிறு கட்டியிருந்தார்கள். திரும்பும் வழியெல்லாம் அவன் முதுகில் விழுந்த அடிக்குக் கணக்கில்லை. அடி வாங்கிக்கொண்டே, "நான்தான் அப்பவே வேண்டாம்னேம்லா" என்றான்.

அந்த ஆண்டே மாணவர் பேரவைத் தேர்தலில் நின்றான். பிரசாரத்துக்கு அவன் தேர்ந்தெடுத்த இடம் பேரருவி. கூட்டம் எங்கே இருக்கிறதோ அங்கேதான் வேட்பாளன் இருக்க வேண்டுமாம். அருவியின் இரைச்சலில் அவன் பேசியது யார் காதிலும் விழவில்லை. இடுப்பில் துண்டோடு எண்ணெய் வழிய நிற்கிறவர்களில் யார் மாணவன், யார் வெளியூர்க்காரன் என்றும் தெரியவில்லை. அறைக்கு வந்து, ஒரு பஸ் நிறைய ஆள்கள் சத்தியம் பண்ணிக் கொடுத்துவிட்டார்கள் என்று மகிழ்ந்தான். விசாரித்ததில் அது விருதுநகர்ப் பக்கத்திலிருந்து வந்த கல்யாணப் பார்ட்டி.

அப்படியும் அவன் ஜெயித்திருப்பான். ஓட்டு எண்ணும்போது தன் சார்பில் தானே ஏஜென்டாக உட்கார்ந்ததில் வந்தது வினை. முத்திரை கோட்டைத் தொட்டிருக்கிறது, இது செல்லாது. மை கசிந்திருக்கிறது, அதுவும் செல்லாது என்று ஒவ்வொரு சீட்டாகத் தூக்கிப் பிடித்து ஆட்சேபித்தான். எண்ணியவர்கள் ஒத்துக்கொண்டு ஒதுக்கினார்கள். ஒதுக்கிய சீட்டுகளில் பெரும்பாலானவை அவனுக்கே விழுந்தவை என்பதை அவன் கவனிக்கவில்லை. கவனித்திருந்தாலும் விட்டிருக்க மாட்டான். சொற்ப ஓட்டில் தோற்றான்.

அன்று ராத்திரி மெஸ்ஸில் சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருந்தான். ஒரு வாய்கூட உள்ளே போகவில்லை. "ஏலே, நான் ஒனக்குத்தான் போட்டேன், சாப்பிடு" என்றேன். நிமிர்ந்து பார்த்தான்.

"முத்திரைய கோட்டுக்குள்ள வச்சியா?"

வைத்தேன் என்றேன். அதன் பிறகுதான் சாப்பிட்டான்.

படிப்பு முடிந்து நான் தாலுகா ஆபீஸுக்குப் போனேன். அவன் சுந்தரபாண்டியபுரம் பக்கமிருந்த குடும்ப நிலத்தில் கத்தரியும் வெண்டையும் போட்டான். பாவூர்சத்திரம் மார்க்கெட்டுக்குச் சரக்கு கொண்டுபோனால் அங்கேயும் இதே கூத்துத்தான். கமிஷன் கடைக்காரர் இவன் கத்தரிக்காய்க்கு நல்ல விலை சொன்னால், "மூடைக்கு அடியில சொத்தை கெடக்கு, பாக்காம வெல சொல்லாதீரும்" என்பான். அதனாலேயே அவன் சரக்கை யாரும் பிரித்துப் பார்க்காமல் எடுத்தார்கள் என்பது வேறு விஷயம்.

கல்யாணம் ஆனது. இங்கேதான் விதி விளையாடியது. எதிர்ப்பில் உயிர் வாழ்கிற இந்த மனிதனுக்கு வாய்த்த கோமதி, எதற்கும் மறுபேச்சுப் பேசாதவள். நிலத்தை விற்கலாமா என்றால் சரி என்பாள். வேண்டாம், வைத்திருக்கலாம் என்றால் அதற்கும் சரி. அவன் வேண்டுமென்றே ரசத்தில் உப்பு இல்லை என்பான். அவள் ருசி பார்க்காமலே உப்பைக் கொண்டுவந்து வைப்பாள். "வீட்டுல சண்டை போட ஆள் இல்லலே, சவம், பேச்சே மறந்துரும் போலிருக்கு" என்று என்னிடம் வந்து புலம்புவான். ஊரில் மற்ற ஆண்கள் என்னிடம் கொண்டுவரும் குறை இதற்கு நேர்மாறானது.

வீட்டில் கிடைக்காததை அவன் அரசாங்கத்திடம் தேடினான். நான் தேர்தல் பிரிவுத் துணை வட்டாட்சியராக இருந்த நாளில் வாக்காளர் பட்டியல், வாக்குச்சாவடி மாற்றம், வார்டு எல்லை என்று எது வெளியானாலும் முதல் ஆட்சேபணை மனு அவனுடையதுதான். தென்காசி தனி மாவட்டமானபோது மட்டும் ஆதரித்தான். ஆட்சேபணை கொடுக்கத் திருநெல்வேலி வரைக்கும் பஸ்ஸில் போக வேண்டாமே என்பது காரணம். ஆனால் அந்த மனுக்களால்தான் அவன் தெருவுக்குக் குடிநீர்க் குழாய் வந்தது, இருட்டு முடுக்கில் விளக்கு எரிந்தது, மயானப் பாதையில் ஆக்கிரமித்திருந்த சுவர் இடிந்தது. அவன் வார்டுக்காரர்களுக்கு அது தெரியும். ஆனால் பேரூராட்சித் தேர்தல் வரும்போதெல்லாம் அவன் நிற்பான், அவர்களும் கட்சிச் சின்னத்தில் குத்திவிட்டு, மறுநாள் குழாயில் தண்ணீர் வரவில்லை என்று அவன் வீட்டுக் கதவைத் தட்டுவார்கள்.

போன தேர்தலில் அவர்களுக்கே உறுத்தியது போலிருக்கிறது. டீக்கடை மாடசாமி தலைமையில் பெரியவர்கள் கூடி, அண்ணாச்சிக்கும் வயசாகிவிட்டது, இந்த ஒரு தடவை எதிர்த்து யாரும் நிற்க வேண்டாம் என்று முடிவு செய்தார்கள். கட்சிக்காரர்களையும் சரிக்கட்டிவிட்டார்கள். போட்டியில்லாமல் தேர்வாவதற்கு எங்கள் பக்கத்தில் அன்னபோஸ்ட் என்று பெயர். ஆட்சேபத்தை அன்னபோஸ்ட்டில் கவுன்சிலராக்கி மாலை போடுவது என்று ஏற்பாடு. மாடசாமியே முன்மொழிந்து கையெழுத்தும் போட்டிருந்தான்.

மனுத் தாக்கலுக்குக் கடைசி நாள். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு ஈஸிசேரில் சாய்ந்திருந்தேன். பணி ஓய்வு பெற்றவனுக்கு அரசு செய்துகொடுக்க மறந்த ஒரே வசதியை நானே செய்துகொண்டிருந்த நேரம். ஆட்சேபம் வந்து நின்றான். சட்டை நனைந்திருந்தது, கண்ணும் அப்படித்தான்.

"ஏலே, யாருமே நிக்க மாட்டுக்கான்" என்றான்.

வாழ்த்துச் சொன்னேன். அடிக்க வந்துவிட்டான். தண்ணீர் கொடுத்து உட்கார வைத்த பிறகு, தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

"காலேஜ்ல இருந்து தோத்துக்கிட்டே வாரேன். எத்தன பேரு என்னய வேண்டாம்னு சொன்னான்னு ஒவ்வொரு தடவையும் எழுதி ஒட்டிருக்கான். எத்தன பேரு வேணும்னு சொல்லுதான்னு ஒரு தடவ எண்ணிப் பாத்துரணும்லே. அன்னபோஸ்ட்டுல எண்ணுததுக்கு என்ன இருக்கு? பாவம் பாத்துத் தந்த மாதிரில்லா ஆயிரும்."

அவனோடு பழகிய இத்தனை வருஷத்தில் எனக்கு ஆட்சேபிக்கத் தோன்றாத பேச்சு அது ஒன்றுதான். அவனை எதிர்த்து நானே நிற்பது என்று எழுந்து சட்டையை மாட்டினேன். நான் வேறு வார்டுதான். ஆனால் அதே பேரூராட்சியின் வாக்காளராக இருந்தால் எந்த வார்டிலும் நிற்கலாம். முன்மொழிகிறவர் மட்டும் அந்த வார்டுக்காரராக இருக்க வேண்டும். ஐந்து மணிக்குள் மனு கொடுத்தாக வேண்டும்.

அந்த வார்டில் எனக்குக் கையெழுத்துப் போட ஒரு ஆள் கிடைக்கவில்லை. வேட்பாளரே எதிர் வேட்பாளரைக் கூட்டிக்கொண்டு வீடு வீடாகப் போய் ஆதரவு கேட்ட காட்சியை இந்தியத் தேர்தல் வரலாறு அன்றுதான் பார்த்திருக்கும். அண்ணாச்சிக்கு எதிராகக் கை நீளாது என்றார்கள். மாடசாமி டீ கொடுத்தான், கையெழுத்துக் கொடுக்கவில்லை. மணி நாலரை. களைத்துப் போய் அவன் வீட்டு வாசலில் உட்கார்ந்தோம். கோமதி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தாள்.

"கொண்டாங்க அண்ணாச்சி, நான் போடுதேன்."

ஆட்சேபம் அவளை ஏறிட்டுப் பார்த்தான். "நீ எப்படி போடுவ?"

"எதுத்து நிக்க ஆள் வேணும்னு நீங்கதான சொன்னீங்க" என்று சொல்லிவிட்டுக் கையெழுத்தைப் போட்டாள்.

ஐந்துக்குச் சற்று முன்னால் மனுவைக் கொடுத்துவிட்டோம். பிரச்சினை அதோடு தீர்ந்திருக்க வேண்டும். மறுநாள் மனுப் பரிசீலனை. தேர்தல் அலுவலராக உட்கார்ந்திருந்தவர் புதிதாக வேலைக்கு வந்த தம்பி. என் மனுவை எடுத்து, யாருக்கேனும் ஆட்சேபணை உண்டா என்று கேட்டார்.

அந்தக் கேள்வியைக் கேட்டிருக்கக் கூடாது.

ஆட்சேபம் எழுந்துவிட்டான். அவன் எழவில்லை, அவன் கால்கள் எழுந்தன என்றுதான் சொல்ல வேண்டும். முந்தின நாள் அழுதவன், இந்த மனு தள்ளுபடியானால் அன்னபோஸ்ட்தான் என்பதை மறந்து, முன்மொழிந்தவரின் வாக்காளர் பட்டியல் பாக எண் எழுதப்படவில்லை என்று முழங்கினான். பார்த்தால் உண்மை. அவசரத்தில் நான் அந்தக் கட்டத்தை விட்டிருந்தேன். இதே கட்டத்துக்காக எத்தனை பேரை நான் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு அலட்சியமாகப் பார்த்திருப்பேன். இது பெரிய குறையல்ல, திருத்திக்கொள்ள விடலாம் என்று நான் விதியைச் சொன்னேன். அவன் பதிலுக்கு வேறு விதியைச் சொன்னான். தம்பி கையேட்டை முன்னும் பின்னும் புரட்டினார். ஆட்சேபம் ரொம்ப நன்றாக வாதாடினான். கல்லூரி நாளுக்குப் பிறகு இவ்வளவு பிரமாதமாக அவன் பேசி நான் கேட்டதில்லை. தம்பியின் பேனா தள்ளுபடியின் பக்கம் சாய்ந்தது.

"உக்காருங்க."

பின் வரிசையிலிருந்து வந்தது குரல். கோமதி எழுந்து நின்றாள். கையில் வாக்காளர் அட்டை.

"கையெழுத்துப் போட்டவ இங்கன நிக்கேன். நான்தான் போட்டேன்னு சொல்லுதேன். நம்பர் வேணும்னா இந்தா இருக்கு, பாத்து எழுதிக்கிடுங்க. இதுக்கு மேல ஒங்களுக்கு என்ன ஆட்சேபம்?"

ஆட்சேபம் அவளைப் பார்த்தான், மனுவைப் பார்த்தான், அப்போதுதான் தான் செய்துகொண்டிருந்த காரியம் உறைத்தது போலிருந்தது. மெல்ல உட்கார்ந்து, ஆட்சேபணையைத் திரும்பப் பெறுவதாகச் சொன்னான். அவன் வாழ்நாளில் திரும்பப் பெற்றது அது ஒன்றுதான். என் மனு ஏற்கப்பட்டது. வெளியே வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "பாத்தியாலே, எதுத்துப் பேசிட்டா" என்றான். கவுன்சிலரானால்கூட அவ்வளவு சந்தோஷப்பட்டிருக்க மாட்டான்.

எனக்குக் கட்டில் சின்னம் கிடைத்தது. ஓய்வூதியக்காரனுக்குப் பொருத்தமானது. தலையில் ஒரு முடிகூட இல்லாத அவனுக்குச் சீப்பு. பிரசாரத்தில் நான் போதுமான அளவு திட்டவில்லை என்று அவனுக்குக் குறை. தன்னைப் பற்றிய குற்றச்சாட்டுகளை அவனே தயாரித்துக் கொண்டுவந்து, மாடசாமி கடை முன்னால் நின்று பேசச் சொன்னான். பேசினேன். ஒவ்வொரு குற்றச்சாட்டுக்கும் அவன் எழுந்து பதில் சொன்னான். கேட்டவர்கள், என் பேச்சைவிடக் குற்றச்சாட்டு நன்றாக இருந்தது என்றார்கள்.

ஓட்டுப் பதிவன்று காலையிலிருந்தே மழை. அந்த வார்டு சனம் முழுக்கக் குடையோடு வரிசையில் நின்றது. அன்னபோஸ்ட்டில் முடித்துவிடலாம் என்றிருந்தவர்களுக்கு, ஓட்டே போட்டுக் காட்டிவிட வேண்டும் என்று ரோஷம் வந்துவிட்டது. வாக்குப்பதிவு இயந்திரம் என்பதால் எண்ணும்போது அவனுக்கு ஆட்சேபிக்க முத்திரையும் இல்லை, கோடும் இல்லை. கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். விழுந்த ஓட்டெல்லாம் சீப்புக்கு. கட்டிலுக்கு இரண்டு. அந்தத் தம்பி முடிவை அறிவித்தபோது, இன்னொரு தடவை படியுங்கள் என்று கேட்டான் ஆட்சேபம். அவர் படித்தார். முகத்தைத் துடைத்துக்கொண்டு, மூன்றாம் தடவையும் படிக்கச் சொன்னான்.

மாலையும் வெடியும் அடங்கி, ராத்திரிச் சாப்பாடு அவன் வீட்டில். சந்தோஷமாகத்தான் உட்கார்ந்தேன். ஆனால் இத்தனை வருஷம் மற்றவர்கள் தோற்றதை எழுதி ஒட்டியவனுக்கு, தன் பெயருக்கு நேராக இரண்டு என்று பார்ப்பது கொஞ்சம் விசித்திரமாகத்தான் இருந்தது. வம்புக்கு நின்ற தேர்தல், தோற்கவே நின்ற தேர்தல். இருந்தாலும் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன்.

ஒன்று தன்னுடையது என்று கோமதி சாம்பார் ஊற்றிக்கொண்டே சொன்னாள். கையெழுத்துப் போட்டுவிட்டு ஓட்டை மாற்றிப் போட்டால் நன்றாகவா இருக்கும் என்று கேட்டாள். இன்னொன்று யாருடையது என்று சட்டப்படி நான் கேட்கக் கூடாது, ஓட்டு ரகசியமானது. நான் கேட்கவுமில்லை. என் எதிரில் உட்கார்ந்திருந்த கவுன்சிலர் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னான்.

"நான் ஒனக்குத்தான் போட்டேன், சாப்பிடு."

"பட்டன ஒழுங்கா அமுக்கினியாலே?" என்றேன்.

"பீப் சத்தம் கேட்டுது" என்றான்.

கோமதி இன்னொரு கரண்டி சோறு வைத்தாள். போதும் என்று நான் சொல்லவில்லை.