ஆறு புள்ளி இரண்டு ஒன்று பூஜ்யம்

“ஆறு புள்ளி இரண்டு ஒன்று பூஜ்யம்!” என்று அலறினார் தசமம் சார்.

அந்தச் சலவைத்தூள் தொழிற்சாலையின் தரக்கட்டுப்பாட்டு அதிகாரி அவர். குழம்பில் உப்பு எப்படி என்று வீட்டில் கேட்டால்கூட மூன்று தசமத்தில் பதில் சொல்லுகிற ஆசாமி. பட்டப்பெயர் சும்மா வரவில்லை.

மேனேஜர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். “என்னய்யா ஆறு?”

“அரைக்கிலோ பாக்கெட்டுல நானூத்தித் தொண்ணூறு கிராமுக்குக் கம்மியா வரப்போறது சார். நூத்துக்கு ஆறு!”

“ஒப்பந்தத்துல ரெண்டுக்கு மேல கூடாதேய்யா!”

மூன்று மணிக்கு, சரக்கு வாங்கும் கம்பெனியின் பெண் அதிகாரி சோதனைக்கு வருகிறார். இப்போது இரண்டு ஐந்து. போன முறை மொத்தச் சரக்கும் போன லாரியிலேயே திரும்பி வந்தது. இந்த முறையும் வந்தால், அதே லாரியில் தசமம் சாரை ஏற்றி அனுப்பிவிடுவதாக மேனேஜர் சொல்லியிருந்தார். மேனேஜர் விளையாட்டுக்குப் பேசும் ஜாதி இல்லை.

“கணக்கு சரிதானா?”

மகளிடம் கெஞ்சிக் கூத்தாடி வாங்கிவந்த கிராஃப் கால்குலேட்டரை நீட்டினார் தசமம் சார். செங்கல் கனம். ‘நார்மல்சிடிஎஃப்’ என்று அதில் ஒரு கட்டளை. கீழ் எல்லை பூஜ்யம், மேல் எல்லை 490, சராசரி 500, திட்ட விலக்கம் 4. நான்கையும் வரிசையாகப் போட்டால், 490-க்குக் கீழே விழ எவ்வளவு வாய்ப்பு என்று ஜோசியனைவிடத் தெளிவாகச் சொல்லிவிடும்.

திரையில் 6.209665E-3 என்று இருந்தது.

“கடைசியில அது என்னய்யா E-3?”

“பாட்டரி அளவு சார். என் பொண்ணுகூடக் காலையில ‘அப்பா, கடைசியில E வந்தா’ன்னு ஆரம்பிச்சா. ‘பாட்டரி மாத்த எனக்குத் தெரியாதா, போடி’ன்னு வாயை அடைச்சுட்டேன்.”

“எதுக்கும் நாலு பாக்கெட்டை எடை போட்டுப் பாத்தா என்ன?”

“கையில இது இருக்கும்போது தராசு எதுக்கு சார்?”

இருவரும் நிரப்பும் இயந்திரத்துக்கு ஓடினார்கள். இருபது வருஷமாக அதை மேய்க்கும் மெஷின் அக்கா, ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து அசையாமல் பார்த்தார்.

“சராசரியைத் தூக்கிட்டா எல்லாம் சரியாயிடும்” என்று தசமம் சார் எடையைக் கூட்டிக் குறைக்கும் திருகைப் பிடித்து 505-க்குத் திருப்பினார். திருகு வெண்ணெயாக வழுக்கியது.

“திருப்புங்க சார், நல்லாத் திருப்புங்க” என்றார் மெஷின் அக்கா.

கால்குலேட்டரில் 505 போட்டார். வந்தது 8.842.

“தூளைக் கூட்டினா குறையணுமேய்யா! ஏறுதே!” மேனேஜரின் குரல் கிறீச்சிட்டது. “ஓரத்துல வேற E-5-ன்னு இருக்கு!”

“பாட்டரி மட்டும் நல்லா ஏறுது சார்.”

மணி இரண்டு நாற்பது. தசமம் சாரின் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. பல்லைக் கடித்துக்கொண்டு திருகை ஒரேயடியாக 514-க்குத் தள்ளினார். எண்களை அழுத்தினார்.

9.866. ஓரத்தில் E-10.

“பாக்கெட்டைப் பாருய்யா!” மேனேஜர் தலையில் கை வைத்தார். “எட்டு மாச வயிறு மாதிரி இருக்கு!”

“ஆமா சார். தலையணையா வருது!” தசமம் சாருக்கு அழுகையே வந்துவிட்டது.

வாசலில் கார் ஹாரன் கேட்டது.

பெண் அதிகாரி உள்ளே வந்தார். இருவர் முகத்தையும் பார்த்தார். கால்குலேட்டரை வாங்கிப் பார்த்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டு பார்த்தார்.

“E-10-ன்னா புள்ளியைப் பத்து இடம் இடது பக்கம் தள்ளணும். நூறு கோடி பாக்கெட்டுல ஒண்ணு குறையும். முதல்ல என்ன வந்துச்சு?”

“ஆறு புள்ளி... E-3 மேடம்.”

“அப்போ ஆயிரத்துக்கு ஆறு. நீங்க ரெண்டு மணிக்கே பாஸ்.”

தசமம் சார் மேனேஜரைப் பார்த்துச் சிரிக்க முயன்றார். மேனேஜர் சிரிக்கவில்லை.

“சரி, ஐநூத்திப் பத்துக்கு மேலே எவ்வளவு? நூத்துக்கு ரெண்டு தாண்டினா அதுவும் தள்ளுபடிதான். ஒப்பந்தத்துல ரெண்டாம் பக்கம் திருப்பிப் பாக்கலையா?”

அவரே 510, மேல் எல்லையாக ஒரு பிரம்மாண்ட எண், 514, 4 என்று தட்டினார். 0.8413. ஓரத்தில் E என்று எதுவும் இல்லை.

“நூத்துக்கு எண்பத்து நாலு. சரக்கு திரும்புது.”

மேனேஜர் ஜன்னல் வழியே லாரியைப் பார்த்தார். தசமம் சாரும் பார்த்தார்.

“முறைன்னு ஒண்ணு இருக்கே, எடையையும் போட்டுடுவோம்” என்று பெண் அதிகாரி தராசை இழுத்தார். 501. 497. 503. 499. ஐம்பது பாக்கெட் போட்டார். சராசரி அச்சாக ஐந்நூறு. 490-க்குக் குறைந்ததும் இல்லை, 510-ஐத் தாண்டியதும் இல்லை.

அவர் இயந்திரத்தைத் திரும்பிப் பார்த்தார். “திருகு ஐநூத்திப் பதினாலுல நிக்குதே?”

மெஷின் அக்கா ஸ்டூலிலிருந்து மெதுவாக இறங்கினார்.

“போன தடவை சார் நோண்டி சரக்கு திரும்பி வந்த அன்னிக்கே உள் இணைப்பைக் கழட்டிட்டேன் மேடம், சார் கை சும்மா இருக்காதேன்னு திருகை மட்டும் வெளியில விட்டு வெச்சிருக்கேன்.”