மிதக்கிற வீடு, மூழ்குகிற வீடு

போடிநாயக்கனூரில் வெள்ளிக்கிழமை காலையில் ஏலக்காய் ஏல மையத்தைவிட அதிகக் கூட்டம் சேருகிற இடம் ஒன்று உண்டென்றால், அது ஏலக்காய்ச் சாமியின் கொட்டகைதான். வாடகைக்கு விட வீடு வாங்கப்போகிறவர்கள் பத்திர நகலையும் காணிக்கையையும் அவர் காலடியில் வைக்க வேண்டும். மடியிலிருந்து ஓர் ஏலக்காயை எடுத்துப் பித்தளை அண்டாத் தண்ணீரில் போடுவார். மிதந்தால் குடித்தனக்காரர் வந்துகொண்டே இருப்பார்கள். மூழ்கினால் வீடு காலியாகவே கிடக்கும். ஆறு வருஷத்துக்கு முன்பு இதே மனிதர் வாடகை ஜீப்பு புரோக்கர். அப்போது அவர் சொன்ன நேரத்துக்கு ஒரு ஜீப்பும் வந்ததில்லை. இப்போது அவர் சொன்னபடி குடித்தனக்காரர்கள் வருவார்களாம். ஊர் நம்பியது.

நம்பியவர்களில் முதல் வரிசை நம் சீனிச்சாமிக்கு. ஏலக்காய் வியாபாரி. லேசுப்பட்ட ஆளில்லை. சாம்பிள் கொடுத்தால் பத்துக் காயையாவது நகத்தால் பிளந்து விதையை மென்று பார்க்காமல் விலை சொல்ல மாட்டார். சொந்த மாமனார் தோட்டத்துக் காயைக்கூட அப்படித்தான் பிளந்தார். ராசிங்காபுரத்து நிலத்தை விற்ற பணம் முழுசாக அவர் கையில் இருந்தது. மகள் நிலாவின் படிப்புக்கும், புருஷன் பெண்டாட்டி இருவரின் கடைசிக் காலத்துக்கும் அது ஒன்றுதான்.

விலைக்கு வந்தவை இரண்டு இடங்கள். ஒன்று இரண்டு தெரு தள்ளி ஒரு பழைய வீடு. வாடகை குறைவு. ஆனால் அதில் குடியிருக்கிற ஷெர்லின் டீச்சர் ஒன்பது வருஷமாக வேறு வீடு மாறவில்லை. குழாய் ஒழுகினால் சீனிச்சாமிதான் ஓட வேண்டும். இன்னொன்று குரங்கணிப் பக்கம் மலையேற வருகிறவர்கள் தங்குகிற புது விடுதி. மூன்று மடங்கு வருமானமாம். எல்லாவற்றையும் மேனேஜர் பார்த்துக்கொள்வார், முதலாளி சும்மா இருந்தால் போதும். சும்மா இருப்பதில் சீனிச்சாமிக்குப் பிறவியிலேயே நல்ல திறமை.

சாமி காயைப் போட்டார். டீச்சர் வீடு மூழ்கியது. விடுதி மிதந்தது.

"நான் மனசுல நெனச்சதையே சாமியும் சொல்லிருச்சு" என்று வீட்டுக்கு வந்து பெருமையடித்தார். "வர்ற வெள்ளிக்கெழம அட்வான்ஸு குடுக்கப் போறேன்."

மனைவி அமுதவள்ளி சோற்றைப் போட்டபடியே கேட்டாள். "மழையில ரோடு அடைஞ்சுபோனா அங்க யாருங்க வந்து தங்குவா?"

"அதெல்லாம் மேனேஜர் பாத்துக்குவாரு."

"மழையவா?"

சீனிச்சாமி ரசச் சோற்றைப் பிசைந்தார்.

"ஒம்பது வருசமா ஆளு இருக்கிற வீடு எப்படிங்க காலியாக் கெடக்கும்? அந்தக் காயைப் பிளந்து பாத்தீங்களா?"

"சாமி காயைப் போயி பிளப்பாகளா? ஒஞ் சோலியப் பாரு."

வெள்ளிக்கிழமை அமுதவள்ளியும் கூடவே வந்தாள். விடுதியை விற்கிற திருப்பதி, அட்வான்ஸ் வாங்கத் தயாராகச் சாமி பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். முன்னால் நின்றவரின் வீடு அப்போதுதான் மூழ்கியது. அமுதவள்ளி முழங்கை வரை அண்டாவுக்குள் கையை விட்டாள்.

"ஆத்தா, கைய வைக்காத. தீட்டு."

"தீட்டை நான் கழுவிக்கிறேன், சாமி."

எடுத்த காயைப் புருஷன் உள்ளங்கையில் வைத்தாள். "இந்தாங்க, இதுக்கு வெல சொல்லுங்க."

முப்பது வருஷப் பழக்கம். சீனிச்சாமி யோசிக்கக்கூட இல்லை, நகம் தானாகப் பிளந்தது. உள்ளேயிருந்து சைக்கிள் சக்கரத்தில் போடுகிற இரும்புக் குண்டு இரண்டு உருண்டு விழுந்தன.

கொட்டகை முழுக்க ஏலக்காய் வியாபாரிகள். கைமேல் வைத்தாலே எடை சொல்கிற கூட்டம். ஒருவர்கூட அந்தக் காயைத் தொட்டுப் பார்த்ததில்லை. அமுதவள்ளிதான் கேட்டாள்: "மிதந்த வீட்டையெல்லாம் விக்கிறது யாரு? பத்திரத்தைப் பாத்துச் சொல்லுங்க." பார்த்தார்கள். திருப்பதி, திருப்பதி, திருப்பதி. சாமியின் சொந்த மச்சினன்.

மச்சானும் மச்சினனும் பின்வாசல் வழியாகக் கிளம்பினார்கள். அன்றைக்கு மட்டும் ஜீப்பு சரியான நேரத்துக்கு வந்து நின்றிருந்தது.

சீனிச்சாமிக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. "அந்தாளு என்னைய ஏமாத்தல, புள்ள. நோகாமச் சம்பாதிக்கணும்னு நானேதான் தேடிப்போயி ஏமாந்தேன்" என்றார். அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. "அப்ப டீச்சர் வீட்டையே வாங்கிரலாமா? நீ சொன்னாச் சரி."

"எங்களுக்கும் சொல்லும்மா" என்று கூட்டமும் பத்திர நகல்களோடு நெருங்கியது.

அமுதவள்ளி எல்லாரையும் ஒரு பார்வை பார்த்தாள். "கூரை ஒழுகுதா, தண்ணி வருதான்னு குடியிருக்கிறவங்ககிட்ட ஒருத்தராவது கேட்டீங்களா? நான் சொன்னாப் போதும்னா, அண்டா இங்கதான் இருக்கு. ஒக்காந்துக்கிறேன். காணிக்கையைக் கொண்டாங்க."

இரண்டு பேரின் கை சட்டைப் பைக்குப் போனது. அதில் ஒருவர் சீனிச்சாமி.

"கைய எடுங்க" என்றாள். "அது பையி. மூளை அதுக்கு மேல இருக்கு."