குறி தவற ஒரு சபதம்

இந்த வருஷம் எப்படியும் குறி தவறியே தீருவது என்று சபதம் செய்துகொண்டேன்.

துப்பாக்கிக் கழகத்தில் இருப்பவன் செய்கிற சபதமா இது என்று கேட்பீர்கள். உங்களுக்கு என் மாமியாரைத் தெரியாது.

மூன்று வருஷத்துக்கு முன் நான் வீட்டுக்குள்ளேயே சுட்டுப் பழகினேன். எங்கள் பவேரியாவில் இந்தத் துப்பாக்கிக்குப் பெயரே அறைத் துப்பாக்கி. பெயரிலேயே அறை இருக்கிறது, அறைக்குள் சுடாமல் ஆற்றங்கரையிலா சுடுவது? நீளமான குழல், மிளகு அளவு ஈயக் குண்டு, அதைத் தள்ளுவதற்குக் குண்டில்லாத குட்டித் தோட்டா ஒன்று. பொட்டு வெடியைவிடக் கொஞ்சம் உரத்த சத்தம். பட்டால் முயல்கூட நின்று முறைத்துவிட்டுத்தான் போகும். ஆனால் என் மாமியார் சீதனமாகத் தந்த பீங்கான் சூப்புச் சட்டிக்கு அதுவே தாராளமாகப் போதும்.

"கொர்பி," என்றாள் என் மனைவி வால்புர்கா, சட்டியின் ஓட்டை வழியாக என்னைப் பார்த்து. "இனிமே நீ துப்பாக்கியைத் தொட்டேன்னு தெரிஞ்சுது, எங்கம்மாவை இங்கேயே கொண்டாந்து குடிவெச்சிடுவேன். உன்னைப் பாத்துக்க ஒரு ஆள் பத்தல."

அன்று முதல் நான் வெள்ளிக்கிழமைதோறும் தேவாலயப் பாட்டுக் குழுவில் பாடுகிறேன். அதாவது, ஊர் விடுதியின் பின்கட்டில் கழகத்துத் துப்பாக்கியை இரவல் வாங்கிச் சுடுகிறேன்.

"கோட்டுல என்ன மருந்து வாசம்?"

"இருமல் மருந்து. பாடிப் பாடித் தொண்டை கட்டிருச்சு."

"கோட்டுக்கா தொண்டை கட்டுச்சு?"

"குடிக்கும்போது கொட்டிருச்சு."

"ம்."

அந்த 'ம்' என்னை இரண்டு நாள் தூங்கவிடாது.

இந்த லட்சணத்தில் ராஜா போட்டி வந்தது. ஆளுக்கு ஒரே ஒரு குண்டு. நடுப்புள்ளிக்கு மிக அருகில் சுட்டவர்தான் அந்த வருஷத்து ராஜா. கழுத்தில் வெள்ளிச் சங்கிலி, முன்னால் பேண்டு வாத்தியம், ஊர்வலம். அந்தப் பாழாய்ப்போன ஊர்வலம் எங்கள் வீட்டு வாசல் வழியாகத்தான் போகும். சுடவே போகாமல் இருந்துவிட்டால் என்ன என்கிறீர்களா? வராதவன் வீட்டுக்கு மறுநாள் கழகமே திரண்டு நலம் விசாரிக்க வந்துவிடும். அதுவும் வாத்தியத்தோடு.

ஆகவே சுடவேண்டும். சுட்டுத் தவறவேண்டும். நான் எப்போது நடுவைக் குறி பார்த்தாலும் குண்டு இடது பக்கம் கீழேதான் போகும். எனவே தவறுவதற்கு ஆகப் பத்திரமான வழி, ஒழுங்காக நடுவைக் குறி பார்ப்பது. என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.

குறி பார்த்தேன். மாமியார் பெட்டி படுக்கையோடு வந்து இறங்குவது கண்முன் தெரிந்தது. மூச்சு நின்றுவிட்டது. கை நடுங்கவும் மறந்துவிட்டது. பட்.

கழகத் தலைவன் வீத்துஸ் குறி அட்டையை எடுத்தான். கண்ணாடியை மூக்கின் மேல் ஏற்றினான். என்னைப் பார்த்துச் சிரித்தான்.

"வீத்துஸ், படு மோசம்னு ஒரு வார்த்தை சொல்லிடேன்."

"சனிக்கிழமை விழாவுல சொல்ற வரைக்கும் வாயே திறக்கக் கூடாது. வழக்கம் தெரியாதா?"

"அந்த அட்டையைத் தொலைச்சிடேன். உனக்குப் புண்ணியமாப் போகும்."

"கொர்பி, சனிக்கிழமை நல்ல சட்டையாப் போட்டுக்கிட்டு வா."

அந்த வாரம் முழுக்க நான் மனிதனாக இல்லை. எங்கோ ஒரு தகர வாளி உருண்டால் பேண்டு வாத்தியம் என்று நினைத்தேன். வாசல் மணி அடித்தால் கட்டிலுக்கு அடியில் இடம் இருக்கிறதா என்று பார்த்தேன். வியாழக்கிழமை பூர்கி, அதாவது என் வால்புர்கா, இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள்.

"யாருக்கு இந்த ஜரிகைப் பாவாடை?"

"எனக்குத்தான். சனிக்கிழமை விடுதியில விழா இல்ல?"

"நீ எதுக்கு அங்க? ஒரே சுருட்டுப் புகை."

"பாட்டுக் குழு பாடுதாமே. புருஷன் மூணு வருஷமாப் பாடறான், ஒரு நாளாவது கேக்க வேணாமா?"

நான் போய்க் கட்டிலுக்கு அடியில் இன்னொரு தடவை இடம் பார்த்தேன்.

சனிக்கிழமை மண்டபம் நிரம்பி வழிந்தது. பாட்டுக் குழு மேடை ஏறியது. பூர்கி முழங்கையால் இடித்தாள்.

"போ. உன் ஆளுங்க நிக்கறாங்க பாரு."

போனேன். கடைசி வரிசையில் ஒரு தடியனுக்குப் பின்னால் நின்று வாயை மட்டும் அசைத்தேன். பாட்டு முடிந்தது தெரியாமல் அதற்குப் பிறகும் கொஞ்ச நேரம் அசைத்தேன். இறங்குவதற்குள் வீத்துஸ் மேடைக்கு வந்துவிட்டான்.

மூன்றாம் இடம், ரொட்டிக் கடைக்காரருக்கு. முறுக்கு மாதிரி முறுக்கிய ரொட்டிகளைக் கோத்து மாலையாகப் போட்டார்கள்.

"ரெண்டாவது இடம், சாசேஜ் மாலை, கொர்பினியன் ஹிர்மர்! எங்கடா போறே? இங்கதானே நிக்கிறே?"

நான் ராஜா இல்லை. அப்பாடா என்றிருந்தது. ஆனால் மாட்டிக்கொண்டேன். குடலில் இறைச்சியை அடைத்த அந்தச் சாசேஜ்கள் கழுத்தில் கனத்தன. பூர்கியின் நாற்காலியைப் பார்த்தேன். காலி. மாமியாருக்குத் தந்தி கொடுக்கத்தான் எழுந்து போயிருக்கிறாள் என்று நினைத்தேன்.

"இந்த வருஷம் நமக்கு ராஜா இல்ல. முதல் தடவையா ராணி! வால்புர்கா ஹிர்மர்!"

கழகத்தில் பெண்களையும் சேர்த்துச் செவ்வாய்க்கிழமை சுடவிடலாமா என்று ஜனவரியில் கேட்டபோது, எவன் பெண்டாட்டியோ வரப்போகிறாள் என்று தாராளமாகக் கை தூக்கியவர்களில் நானும் ஒருவன். என் பெண்டாட்டி செவ்வாய்தோறும் ஜெபமாலைக் கூட்டத்துக்குப் போவதாகச் சொன்னபோது, நல்ல பழக்கம் என்று பாராட்டியவனும் நான்தான்.

அவள் வெள்ளிச் சங்கிலியோடு என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"பூர்கி, எவ்வளவு நாளா உனக்குத் தெரியும்?"

"முதல் செவ்வாக்கிழமையே. உன் கோட்டு வாசம் என் சட்டையிலயும் வந்துச்சு. எனக்குத்தான் இருமலே இல்லியே."

"அப்ப நீ மட்டும் சுடலாமா?"

"நான் சட்டியைச் சுடலியே."

அவள் சங்கிலியைச் சரி செய்துகொண்டாள்.

"நாளைக்குக் காலைல கழகம் மொத்தத்துக்கும் நம்ம வீட்டுலதான் சாப்பாடு. ராஜா நாற்காலியில உக்காரணும், ராஜாவோட ஜோடி சமைக்கணும். அதான் வழக்கம்."

"எனக்கு வெந்நீர்கூட வெக்கத் தெரியாதே."

"தெரியும். அதான் உதவிக்கு அம்மா வர்றா. இனிமே இங்கதான் இருப்பா."

மறுநாள் அடுப்படியில் நான் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தேன். கூடத்தில் வாத்தியம் முழங்கியது, ராணி வாழ்க என்றார்கள். என் ஆயுளில் நான் ஜெயித்த ஒரே பரிசு அந்தச் சாசேஜ் மாலை. நாலு பேர் பார்க்கட்டும் என்று அதைக் கழுத்திலேயே போட்டிருந்தேன்.

மாமியார் பானையின் மூடியைத் திறந்து பார்த்தார்.

"மாப்பிள்ளை, அதைக் கழட்டிக் குடு. தண்ணி சூடாயிடுச்சு."